நல்லதை மட்டும் வாசி

கோத்தகிரி,
11.02.2024

தம்பி அந்தோனிமுத்துவுக்கு,

அக்கா நேசராணி எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பதாக உன் மகள் நிலக்ஷனா என் மகள் ஆரோக்கியசெல்வியிடம் சொன்னாளாம். பிள்ளைகள் எப்படியோ முகநூலில் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பேசிக்கொள்ளட்டும். உன் போன் நம்பரும் என்னிடம் இருக்கிறது. ஆனால் பேசத் தொடங்கினால் வாயில் என்ன வருமென்று எனக்கே தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கோயில் பங்கிலிருந்து இருபத்திரண்டு பேர் ஆகஸ்டில் இலங்கைக்குச் சுற்றுலா வருகிறோம். செல்விதான் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். கண்டியைப் பார்த்துவிட்டு, கடைசி மூன்று நாள் ஊவாப் பக்கம். அப்புத்தளையில் தங்கல். துன்ஹிந்த அருவி, தியலும அருவி, ஹல்துமுல்லைப் பறங்கிக் கோட்டை, மலை மேலிருக்கும் அந்தோனியார் கோயில் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே பிறந்து பதினெட்டு வயது வரை வளர்ந்தவள் நான். இதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கொழுந்து எடுக்கிறவளை யார் அருவி பார்க்கக் கூட்டிப்போனார்கள்?

எனக்கு முழங்கால் வலி. அருவிக்கு எவ்வளவு தூரம் இறங்க வேண்டும், கோட்டைக்கு வண்டி போகுமா, குளிர் எப்படி, இவ்வளவும் எழுது. தோட்டத்துக்கு நான் வரமாட்டேன். வாருங்கள் என்று கூப்பிட்டு எழுதாதே.

நேசராணி

---

வெள்ளிமலைத் தோட்டம், மேல்பிரிவு,
09.03.2024

என் அன்பு அக்காவுக்கு,

தம்பி அந்தோனிமுத்து வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் கர்த்தர் கிருபையில் சுகம். உங்கள் முழங்காலுக்கு என்ன வைத்தியம் பார்க்கிறீர்கள்? உங்கள் கையெழுத்தைக் கண்டதும் அப்புத்தளைக் கடைத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தோரு வருடம், அக்கா. இனியும் அப்புத்தளை அலவி நானா கடை விலாசத்துக்கே எழுதுங்கள். துரை உட்காரும் தோட்டத்துக் கந்தோருக்கு வரும் கடிதம் இன்றைக்கும் நாலு கை மாறித்தான் லயத்து வீட்டுக்கு வருகிறது.

துன்ஹிந்தவுக்கு ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவாக நடக்க வேண்டும். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் சிரமம். தியலுமவை ரோட்டில் நின்றே பார்க்கலாம், ஆனால் ஆகஸ்டில் தண்ணீர் மெலிந்திருக்கும். கோட்டை என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். தேயிலைக்கு நடுவே கருங்கல் அடிவாரம்தான் மிச்சம். ஆனால் அங்கே நின்றால் மாவட்டத்து எல்லை வரைக்கும் தெரியும். மலை சட்டென்று முடிந்து, கீழே சமவெளி விரிந்து கிடக்கும். மேலே ஏறி வருகிறவனைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் பறங்கிக்காரன் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறான். காலையில் போய்விடுங்கள், பதினொரு மணிக்கெல்லாம் மூடுபனி வந்துவிடும்.

கூப்பிடாதே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் கோட்டையிலிருந்து நம் தோட்டம் மூன்று மைல்தான். அம்மாவின் கல்லறைக்குப் போன வருடம் சிமெந்து பூசினேன். அம்மா கடைசி வரை உங்கள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தா.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
தம்பி அந்தோனிமுத்து

---

கோத்தகிரி,
02.04.2024

அந்தோனிமுத்துவுக்கு,

சுகம் கேட்டிருந்தாய். சொல்கிறேன். முழங்கால் வயதினால் வந்தது. இடது கையை என்னால் தலைக்கு மேல் தூக்க முடியாது, அது வயதினால் வந்ததல்ல. கல்யாணம் முடிந்து கப்பலேறி வந்த ஆறாம் மாதத்தில், கஞ்சியில் உப்பில்லை என்று சவரிமுத்து அடுப்பிலிருந்த பானையோடு தூக்கி என் தோளில் ஊற்றினான். இருபது நாள் ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தேன். வெளியே வந்ததும் முதல் வேலையாக அம்மாவுக்கு எழுதினேன். பிறகும் எழுதினேன். வருடத்துக்கு மூன்று, நான்கு கடிதம்.

அம்மா கடைசி வரை என் பெயரைச் சொன்னாளா? அவள் எனக்கு என்ன பதில் அனுப்பினாள் தெரியுமா? உனக்குத் தெரியும், எழுதியது உன் கைதான். “நீ அங்கே சந்தோஷமாக இருப்பது எங்களுக்கெல்லாம் பெருமை. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லு.” தோலுரிந்து கிடந்தவளுக்கு இந்தப் பதில். பல்லை உடைத்துவிட்டான் என்று எழுதினேன். “கோயிலில் உனக்காக நன்றிப்பூசை கொடுத்தோம்” என்று வந்தது.

பெற்றவள் இப்படி எழுதச் சொன்னாள் என்றால் அவள் கல்லறைக்குச் சிமெந்து பூசினால் என்ன, பொன் பூசினால் என்ன? 96இல் அவள் செத்துப்போனதாக நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தை அடுப்பில் வைத்தேன். செல்விக்கு அப்போது பதினைந்து வயது. “அழமாட்டியாம்மா?” என்று கேட்டாள். “நீயும் அழக்கூடாது” என்று சொன்னேன்.

சவரிமுத்து செத்துப் பதினைந்து வருடமாகிறது. அவன் மேல் இருந்த கோபம்கூட ஆறிவிட்டது. அம்மா மேல் ஆறவில்லை.

நேசராணி

---

வெள்ளிமலைத் தோட்டம்,
28.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் கொஞ்சம் இருமல். உங்கள் கடிதம் கிடைத்தது.

இந்த மாதம் நல்ல மழை. பசறை ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. ஆகஸ்டுக்குள் எல்லாம் சரியாகிவிடும், பயப்படாதீர்கள். அந்தோனியார் கோயிலுக்குப் போகும் படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள். உங்கள் முழங்காலுக்கு அது உதவியாக இருக்கும். அப்புத்தளையில் ஆட்டோ வேண்டுமென்றால் அலவி நானாவின் மகன் ஷப்ராஸ் இருக்கிறான், நம்பிப் போகலாம்.

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள் அக்கா. அம்மா பாவம்.

தம்பி அந்தோனிமுத்து

---

கோத்தகிரி,
15.05.2024

அந்தோனிமுத்துவுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

நான் தோல் வெந்ததைப் பற்றி எழுதினேன். நீ படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றி எழுதியிருக்கிறாய். கேள்வியைத் திரும்ப எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. என் கடிதங்களை வாசித்துக் காட்டியது நீ. நீ வாசித்ததைக் கேட்டுவிட்டா அவள் அப்படிப் பதில் சொன்னாள்?

நேசராணி

---

வெள்ளிமலைத் தோட்டம்,
06.07.2024

அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காய்ச்சலைக் காரணம் சொல்லலாம். காய்ச்சல் நான்கு நாள்தான் இருந்தது.

உங்கள் முதல் கடிதத்தை, கஞ்சி ஊற்றியதை எழுதியிருந்தீர்களே, அதை அம்மாவுக்கு அப்படியே வாசித்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா எழுந்தா. கொழுந்துக் கூடையைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு, கட்டியிருந்த சேலையோடு அப்புத்தளை ஸ்டேசனுக்கு நடந்தா. தலைமன்னார் வரைக்கும் போய்விட்டா. பாஸ்போட் இல்லாதவளை யார் கப்பலில் ஏற்றுவார்கள்? கப்பல் போகும் பக்கம் பார்த்துக்கொண்டு நான்கு நாள் அங்கேயே கிடந்தாவாம். போலீஸ் பிடித்து ரயிலேற்றி அனுப்பியது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. வேலைக்குப் பெயர் பதியும் செக்ரோலில் அம்மா பெயரை வெட்டிவிட்டார்கள். அப்பா விறகுக் கட்டையால் அடித்தார். பிறகு என் காதைப் பிடித்து, “இனிமே காயிதம் வந்தா நல்லத மட்டும் வாசி. கெட்டத வாசிச்சே, உன்னையும் கொன்னு அவளையும் கொன்னுருவேன்” என்றார்.

அதனால் நல்லதை மட்டும் வாசித்தேன். உங்கள் முதல் கடிதத்துக்குப் பதிலை அப்பாவே சொல்லி எழுதவைத்தார். அடுத்த கடிதங்களில் நல்லது ஒன்றும் இல்லாததால், தோள் ஆறிவிட்டது, அத்தான் திருந்திவிட்டார் என்று நானே சேர்த்து வாசித்தேன். அம்மா அதைக் கேட்டுத்தான் பதில் சொன்னா. அதற்குப் பிறகு நடந்தது அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் அப்பா செய்த வேலை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தோனிமுத்து

---

கோத்தகிரி,
20.07.2024

அந்தோனிமுத்துவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அம்மா தலைமன்னாரில் கிடந்த நான்கு நாளை மட்டும் இன்னும் எத்தனையோ முறை வாசித்தேன்.

பிறகு கணக்குப் பார்த்தேன். அப்பா செத்தது 82இல், தபசுகாலத்தில். அந்தச் செய்தியை எனக்கு எழுதியதும் நீதான். நான் கடைசியாக எழுதியது 83 சனவரியில். செல்விக்கு ஒன்றரை வயது. “இனி இவனோடு இருந்தால் நானும் பிள்ளையும் சாவோம். வா என்று ஒரு வார்த்தை எழுது அம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்துவிடுகிறேன்” என்று எழுதினேன். மார்ச்சில் பதில் வந்தது. “இங்கே எல்லோரும் சுகம். நீ அங்கேயே நன்றாக இரு.” ஒன்றரை வரி. அதற்குப் பிறகு நான் பேனாவைத் தொடவில்லை. அவனோடு இன்னும் இருபத்தாறு வருடம் இருந்தேன்.

அதற்குள் அப்பா குழிக்குள் போய் ஒரு வருடமாகிவிட்டது. உன் காதைப் பிடிக்க ஆளில்லை. அந்த ஒன்றரை வரியை யார் எழுதச் சொன்னது?

12ஆம் தேதி மாலை அப்புத்தளை ரெஸ்ட் ஹவுசுக்கு வந்துவிடுவோம். நேரில் வராதே. பதிலை எழுதி ஷப்ராஸிடம் கொடுத்தனுப்பு.

நேசராணி

---

அப்புத்தளை, அலவி நானா கடை,
12.08.2024

அக்காவுக்கு,

பிரயாணம் சுகமாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியவில்லை.

யாரும் எழுதச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு நான் வாசிக்கவே இல்லை. கந்தோரிலிருந்து எடுத்து வரும்போது வழியில் வாசித்தேன். கிழித்து ஓடையில் விட்டேன். பதிலை நானே எழுதினேன்.

எனக்கு வயது பதினேழு. காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அறியாப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள முடியாது. அம்மா அந்த ஒன்பது நாள் போனாவே, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அக்கா. “அம்மா, நான்?” என்று கத்திக்கொண்டு கடைசியில் இருக்கும் தொங்கல் லயம் வரை ஓடினேன். திரும்பவில்லை. இந்தக் கடிதத்தைக் கேட்டால் மறுபடி போய்விடுவா, இந்தத் தடவை வரமாட்டா என்று நினைத்தேன். நீங்கள் வந்தாலும் அம்மா உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும்தான். எனக்கு அப்பாவும் இல்லை. அம்மாவை நானே வைத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று. நீங்கள் எழுதுவதை நிறுத்திய பிறகும் அம்மா “காயிதம் வரலையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தா. வந்திருக்கிறது என்று சொல்லி, வெறும் தாளைப் பிடித்து வாசித்தேன். பதின்மூன்று வருடம். உங்களுக்கு மாடி வீடு கட்டினேன். தையல் மிசின் வாங்கினேன். இரண்டு பசு மாடு. சவரிமுத்து அத்தானைக் குடியை நிறுத்தவைத்தேன். அம்மா சொன்ன பதில்களை எழுதுவேன். தபாலில் போடமாட்டேன்.

அம்மா சிரித்துக்கொண்டே செத்துப்போனா. நான் நல்லதுதான் செய்தேன் என்று இருபத்தெட்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தோனிமுத்து

---

அப்புத்தளை ரெஸ்ட் ஹவுஸ்,
13.08.2024, காலை

ஷப்ராஸ் வெளியே காத்திருக்கிறான். சுருக்கமாக எழுதுகிறேன்.

வாசித்தேன். நாளை மறுநாள் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறோம். நீ அங்கே வரக்கூடாது. ஸ்டேசனுக்கும் வரக்கூடாது. உன் முகத்தைப் பார்த்தால் கையில் அகப்பட்டதை எடுத்து அடித்துவிடுவேன். என்னோடு வந்திருப்பவர்கள் நல்ல மனிதர்கள், அவர்கள் முன்னால் அது வேண்டாம்.

நேசராணி

---

கோத்தகிரி,
01.09.2024

அந்தோனிமுத்துவுக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

துன்ஹிந்தவில் எல்லோரும் படம் எடுத்தார்கள். என்னையும் அருவிக்கு முன்னால் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். தண்ணீர் விழும் சத்தத்தில் நான் உன்னைத் திட்டியது யாருக்கும் கேட்கவில்லை. தாராளமாகத் திட்டினேன்.

மறுநாள் கோட்டைக்குப் போனோம். நீ சொன்னது சரி, கல் அடிவாரம்தான் இருக்கிறது. வழிகாட்டி பறங்கிக்காரனின் பீரங்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கீழே பார்த்தேன். மலை முடிகிற இடமும் சமவெளியும் தெளிவாகத் தெரிந்தன. அம்மா அந்தத் திசையில்தானே கப்பலைத் தேடிப் போயிருப்பாள் என்று ஒரு நினைப்பு. தலைமன்னார் அந்தப் பக்கமே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே நிற்க முடியவில்லை. ஷப்ராஸுக்குப் போன் பண்ணினேன். தலைவலி என்று சொல்லிக் கூட்டத்தை விட்டு வந்து ஆட்டோவில் ஏறினேன். நீ அந்த நேரம் வேலையில் இருப்பாய் என்று அவன்தான் சொன்னான்.

தோட்டத்துக்குப் போனேன். அதே லயம். தகரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வாசலில் வெயில் காய்ந்துகொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். மரியாயி அத்தை. அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள். கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் குரலைக் கேட்டதும் பிடித்துக்கொண்டாள்.

“யாரு, நேசமா? சவரிமுத்து பொண்டாட்டி நேசமா?”

“ஆமாங்க அத்தை.”

“அடியே, வந்துட்டியா! மாடி வீட்டப் பூட்டிட்டு வந்தியா? அந்த ரெண்டு பசுவ யாரு பாத்துக்கிறா?”

அவள் என் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“ஒங்கம்மா காயிதம் வந்த அன்னைக்கெல்லாம் லயம் லயமாச் சொல்லிக்கிட்டுத் திரியும். மழையில அட்டக்கடியோட நாங்க நிப்போம். ‘எம் மக நனையாம மிசின்ல உக்காந்து தைக்கிறாடீ, அவளாச்சும் தப்பிச்சிட்டா’ன்னு சொல்லும். அதச் சொன்னா அதுக்குக் குளிரே தெரியாது. மாப்பிள நல்லா வச்சிருந்தாரா தாயி?”

அந்தோனிமுத்து, நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நல்லா வச்சிருந்தாரு அத்தை” என்று சொன்னேன். “ரெண்டு பசுவும் கன்னு போட்டுருக்கு” என்றும் சொன்னேன்.

என் வாயாலேயே சொன்னேன். எண்பது வயதுக் கிழவியின் சிரிப்பைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகு உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஷப்ராஸ் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். என்னையும் உன் பொய்க்குள் இழுத்துக்கொண்டாயே என்று உன் மேல் வந்த ஆத்திரம் அருவியில் வந்ததைவிடப் பெரிது. நீ ஏன் செய்தாய் என்று எனக்கு அந்த நிமிடத்தில் கொஞ்சம் விளங்கியது. அதற்காகவும் உன்னை வெறுக்கிறேன். விளங்கிக்கொள்ள நான் வரவில்லை.

நீ இதைச் சொல்லி உன்னைத் தேற்றிக்கொள்ளாதே. நான் சொன்ன பொய்யால் யாருடைய தோலும் வேகவில்லை. உன் பொய்யால் நான் இருபத்தாறு வருடம் வெந்தேன். என் மகள் அதைப் பார்த்து வளர்ந்தாள்.

அம்மாவிடமும் போனேன். சேலையை விலக்கித் தோளைக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். காட்டவில்லை. காட்ட மனமில்லையா, தைரியமில்லையா என்று தெரியவில்லை. “உன்னைத் திட்டிவிட்டேன் அம்மா” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் கோயிலில் நானும் சாமியும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செல்வி சின்ன வயதில் “அம்மாச்சி எப்படி இருப்பாங்க?” என்று கேட்பாள். “கல்லு மாதிரி” என்று சொல்வேன். அப்படியே நம்பி வளர்ந்துவிட்டாள். இப்போது அவளுடைய பிள்ளைகளுக்கும் அதையே சொல்லியிருக்கிறாள். அதை நான் போய் மாற்றிச் சொன்னால் அவள் எனக்காகத்தான் அழுவாள். எனக்கு அது வேண்டாம். நீ கோத்தகிரிக்கு வா. அவள் முன்னால் நின்று, அம்மா தலைமன்னார் வரை போனதைச் சொல். பிறகு நீ செய்ததைச் சொல். போனில் அல்ல, கடிதத்தில் அல்ல. அப்பாவின் பின்னால் ஒளியாதே. வயதைச் சொல்லாதே.

சொல்லிவிட்டுச் சாப்பிடுவாயோ மாட்டாயோ, அது செல்வியின் இஷ்டம். என் வீட்டில் உனக்குப் பாய் போடுவேன் என்று இப்போது என்னால் எழுத முடியாது.

நேசராணி

---

வெள்ளிமலைத் தோட்டம்,
29.09.2024

அக்காவுக்கு,

நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி. என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை நிலக்ஷனாவிடம் கொடுத்தேன். வாசித்தாள். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். மரியாயி அத்தையிடமும் போய் உண்மையைச் சொன்னேன். மாடி வீடு இல்லை, பசு இல்லை, சவரிமுத்து உங்களை எப்படி வைத்திருந்தான் என்பதையெல்லாம் சொன்னேன். அவ “ஒங்கம்மா மழையில சந்தோசமா நின்னுச்சேடா பாவி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா. நான் போனால் இப்போது கதவைத் திறப்பதில்லை.

பாஸ்போட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் பாஸ்போட். அது கைக்கு வந்ததும் விசாவுக்குக் கொடுக்கிறேன். சனவரிக்குள் வந்துவிடுவேன். கோத்தகிரியில் லொட்ஜ் ஒன்றில் தங்கிக்கொள்கிறேன், பாயைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

செல்வி கேட்க மாட்டேன் என்றால், கேட்கும் வரைக்கும் வாசலில் நிற்பேன். கேட்டபின் ‘போ’ என்றால் போய்விடுவேன். மன்னிப்பு என்ற சொல்லை அங்கே எடுக்கமாட்டேன்.

83 சனவரிக் கடிதத்தை ஓடையில் விட்டேன் என்று எழுதினேன் அல்லவா? அதற்கு முன்னால் வழியில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசித்தேன். இரண்டு பக்கமும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்று நீங்கள் எழுதியிருந்ததும், அடித்து எழுதியிருந்த ஒரு வரியும் உட்பட. அதை உங்கள் மகளுக்கு நீங்கள் எழுதியபடியே சொல்வேன். நீங்கள் பக்கத்தில் இருங்கள் அக்கா. ஒரு சொல்லை நான் மாற்றினாலும் அந்த இடத்திலேயே என்னை நிறுத்துங்கள்.

அந்தோனிமுத்து